சுகர் மாத்திரைக்குக் கொடுக்கும் காசு

சங்கரன்கோவில்

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. பேத்தி நடக்க ஆரம்பித்த கதையை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். இங்கே அனைவரும் சௌக்கியம். மருந்துக் கடையைப் பையன் பார்த்துக்கொள்கிறான். நான் சாயங்காலம் போய்க் கல்லாவில் உட்காருவதோடு சரி.

சுகர் கட்டுக்குள் இருந்தும், ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது ஏமாந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருந்தாய். கடையில் தினமும் கேட்கிற புலம்பல்தான் இது. காய்ச்சலுக்குக் காசு கொடுத்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் விடுகிறது, கொடுத்தது கண்ணுக்குத் தெரிகிறது. சுகரில் எதைப் பார்ப்பது? கால் மரத்துப்போகவில்லை, கண் மங்கவில்லை, கிட்னி கெடவில்லை. வராமல் போனதற்கெல்லாம் பீஸ் கட்டுகிறோம்! அதனால்தான் "அதே மாத்திரையைத் தொடருங்க" என்று டாக்டர் சொன்னால் ஐந்நூறு ரூபாய் வலிக்கிறது. புதிதாக ஒரு மாத்திரை சேர்த்து எழுதினால் மனசு ஆறிவிடுகிறது. உண்மையில் சந்தோஷப்பட வேண்டியது, அதே மாத்திரை போதும் என்று சொல்லும்போதுதான்.

காசு கொடுக்காதவர்கள் பாடு வேறு. 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கியதிலிருந்து, தன்னார்வலர் பெண்கள் வீட்டுக்கே வந்து பிரஷர், சுகர் பார்த்து மாத்திரையும் கொடுக்கிறார்கள். எங்கள் தெருமுனையில் இட்லிக்கடை போட்டிருக்கும் அக்காவுக்கும் வருகிறது. அப்படியும் மாதக் கடைசியில் என்னிடம் வந்து ஒரு அட்டை வாங்குவாள். "கவர்மெண்ட் மாத்திரை கேக்குற மாதிரியே தெரியலண்ணே." இரண்டு அட்டைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பின்பக்க எழுத்தைப் படித்துக் காட்டினேன். இரண்டும் ஒரே சுகர் மருந்து, மெட்ஃபார்மின் 500. "இருக்கட்டும், இதுக்குக் காசு குடுக்கேன்ல" என்றாள்.

முழுக்கப் பிரமை என்று தள்ளிவிடவும் மனசு வரவில்லை. அந்த அட்டையை எழுதிக் கொடுத்த தனியார் டாக்டர் அவள் காலைத் தொட்டுப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறாய் என்று கேட்டார். கூட்டம் நெருக்குகிற சுகாதார நிலையத்தில் அதற்கு நேரம் ஏது? மாத்திரைக்கு என்று நினைத்து அவள் கொடுத்த காசு, அந்த ஐந்து நிமிஷப் பேச்சுக்குத்தான் போகிறது.

இவர்களாவது பரவாயில்லை. பத்து மாத்திரை அட்டையில் நாலை மட்டும் கத்தரித்துக் கேட்பவர்கள்தான் எனக்கு உறுத்தல். சம்பளம் வந்ததும் மீதியை வாங்குகிறேன் என்பார்கள். இரண்டு வேளை மாத்திரையை ஒரு வேளையாக்குவார்கள். மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப் போடுவார்கள். டாக்டர் எப்படி என்று கேட்டுப் பார், "கைராசிக்காரர்" என்று வாய் நிறையப் புகழ்வார்கள். ஆனால் அடுத்த தடவை போக மாட்டார்கள். ஆஸ்பத்திரியில் நீட்டுகிற கருத்துப் படிவத்தில் இவர்கள் குறை எங்கே ஏறப்போகிறது? முதல்வர் காப்பீட்டு அட்டையும் பெரும்பாலும் பெட்டில் படுத்தால்தான் செல்லும். புண் புரையோடி விரலை எடுக்கும் நிலை வந்தால் கை கொடுக்கும். அதைத் தடுக்க மெடிக்கலில் வாங்கும் மாத்திரைக்குக் கொடுக்காது. யார் போட்ட கணக்கோ!

அப்புறம், உனக்கு ஒரு நல்ல சேதி. நீ சாப்பிடும் சுகர் மருந்தான எம்பாகிளிஃப்ளோசினின் காப்புரிமை 2025 மார்ச்சில் முடிந்துவிட்டது. மாத்திரை ஒன்று அறுபது ரூபாய் அளவில் விற்றது. இப்போது பல கம்பெனிகள் போடுகின்றன, பத்து ரூபாய்க்குக் கீழேயும் கிடைக்கிறது. உன் சீட்டில் இன்னும் பழைய பிராண்டே இருந்தால் டாக்டரிடம் கூச்சப்படாமல் கேள். நீயாக மாற்றிக்கொள்ளாதே, உன் அவசரம் எனக்குத் தெரியும்.

ஆடித்தபசுக்குக் குடும்பத்தோடு வா. அதற்கு முன்னால் மருந்துச் சீட்டைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பு. மற்ற மாத்திரைகளில் எது விலை இறங்கியிருக்கிறது என்று பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சண்முகம்