டிங்கியை எங்கே வைப்பது: ரவிக்கு ஒரு கடிதம்

நனைமோ, வான்கூவர் தீவு

அன்புள்ள ரவிக்கு,

உன் கடிதமும் படகின் படங்களும் வந்து சேர்ந்தன. 28 அடி நீளம், பின்னால் அகலமான மேடை, முன்னால் இருவர் படுக்கிற அறை. நல்ல படகு. ஓய்வு பெற்றதும் வாங்குவேன் என்று எத்தனையோ வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய், சொன்னபடியே வாங்கிவிட்டாய். நீயும் மாலதியும் ஹூரான் ஏரியின் ஜார்ஜியன் விரிகுடாத் தீவுகளுக்கு நடுவில் கோடை முழுக்கச் சுற்றப்போகிறீர்கள் என்று நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது. முழங்கால் இப்போது எப்படி? மருத்துவர் படியேறச் சொல்லிவிட்டாரா? அதையும் மனதில் வைத்துத்தான் கீழே எழுதியிருக்கிறேன்.

இங்கே எல்லோரும் நலம். சின்னவள் படிப்பை முடித்து விக்டோரியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். வார இறுதியில் வீட்டுக்கு வந்தால், படகு எங்கே போகிறது என்பதுதான் அவளுடைய முதல் கேள்வி. படகோட்டி அட்டைக்கான தேர்வையும் எழுதி வாங்கிவிட்டாள். மாலதியையும் எழுதச் சொல். கரைக்குப் போய்வர வைத்துக்கொள்கிற சின்னப் படகுதான் டிங்கி என்றாலும், எவ்வளவு சின்ன மோட்டாரை மாட்டினாலும் அதை ஓட்ட அந்த அட்டை வேண்டும்.

சரி, நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். காற்றடைத்த டிங்கியை முன்தளத்தில் கவிழ்த்துக் கட்டிவிடலாம் என்று படகை விற்றவர் சொன்னதாக எழுதியிருந்தாய். அதை மட்டும் செய்யாதே. உன் படத்தில் முன்தளத்தின் நடுவில் ஒரு கண்ணாடி மூடி தெரிகிறதே, அது காற்றுக்காக மட்டும் வைத்ததல்ல. இரவில் எஞ்சின் பக்கமோ அடுப்படியிலோ தீப்பிடித்தால், முன்னறையில் தூங்குகிற உங்கள் இருவருக்கும் வெளியேற அது ஒன்றுதான் வழி. அதன் மேல் 25 கிலோ ரப்பர் படகைக் கயிறு போட்டு இறுக்கிவைத்தால், உள்ளேயிருந்து எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. ஓட்டுகிறவரின் பார்வையையும் மறைக்கும், நங்கூரத்தைத் தூக்கப் போகிற வழியையும் அடைக்கும். இத்தனை படகுகளில் இப்படிக் கட்டிவைத்திருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு பதைக்கிறது.

எங்கே வைப்பது என்பதற்கு முன்னால், எந்த நேரத்தில் அது உனக்கு வேண்டும் என்று யோசி. இங்கே டெசலேஷன் சவுண்ட் என்கிற கடல்நுழைவில் கரையோரமே செங்குத்தாக ஆழம் இறங்கிவிடும். நங்கூரத்தைப் போட்டுவிட்டு, படகு சுழலாமல் இருக்கப் பின்பக்கத்திலிருந்து ஒரு நீளக் கயிற்றைக் கரையில் இருக்கும் மரத்துக்குக் கொண்டுபோய்க் கட்ட வேண்டும். கயிற்றைக் கொண்டுபோவது டிங்கிதான். நங்கூரம் விழுந்த அடுத்த சில நிமிடங்களில் டிங்கி தண்ணீரில் இருந்தாக வேண்டும். பக்கவாட்டில் காற்று தள்ளுகிற நேரத்தில் மூட்டையை அவிழ்த்துப் பம்பைத் தேடிக்கொண்டிருக்க முடியாது. உங்கள் பக்கத்திலும் கருங்கல் பாறைகளுக்கு நடுவே நங்கூரம் போட்டுவிட்டுக் கரையில் கயிறு கட்டுவது சகஜம்தானே? அப்படியானால் உனக்கும் இதே கணக்குதான். ஓடுகிற நாட்களில் டிங்கி காற்றடைத்தபடி, இறக்கத் தயாராக இருக்க வேண்டும்.

அதற்கு உன் படகில் சரியான இடம் பின் மேடை. டிங்கியின் ஒரு பக்கக் குழாயில் இரண்டு கொக்கிப் பட்டைகளை ஒட்டிவிடுவார்கள், மேடையின் விளிம்பில் அவற்றுக்கு ஏற்ற கவ்விகளைத் திருகிவிடுவார்கள். டிங்கியைப் பக்கவாட்டில் நிமிர்த்தி மேலே இரண்டு கயிறு கட்டினால் முடிந்தது. இறக்கும்போது கயிற்றைத் தளர்த்தினால் அதுவே தண்ணீரில் சாய்ந்துவிடும், குனிந்து தூக்க வேண்டிய வேலை இல்லை. உன் முழங்காலுக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. படகின் அகலத்தைவிட டிங்கியின் நீளம் குறைவாக இருக்கட்டும், இல்லாவிட்டால் துறையில் நுழையும்போது இரண்டு பக்கமும் இடிக்கும். உன் படகுக்கு 2.4 மீட்டர் போதும்.

இதில் கவனிக்க வேண்டியது இரண்டு. நிமிர்த்தி வைத்த டிங்கி பின்பக்க வெள்ளை விளக்கை மறைக்கலாம். மறைத்தால் விளக்கை உயரத்துக்கு மாற்றிவிடு. இரண்டாவது, எஞ்சின் புகை. ஓடுகிற படகின் பின்னால் காற்று சுழன்று உள்ளே திரும்பும், பின்பக்கத்தில் பெரிய தடுப்பு நின்றால் அந்தச் சுழலும் மாறும். புகையில் இருக்கிற விஷவாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. அறைக்குள் அதற்கான அலாரம் வேலை செய்கிறதா என்று முதல் நாளே அழுத்திப் பார். ஓடும்போது முன் ஜன்னல்களைத் திறந்து வை.

இழுத்துக்கொண்டு போகலாமே என்றும் கேட்டிருந்தாய். மெதுவாக, அமைதியான தண்ணீரில், மோட்டாரைக் கழற்றிவிட்டுப் போவதானால் போகலாம். உன் படகு வேகமாக ஓடும், உங்கள் விரிகுடாவில் காற்றும் திடீரென்று எழும். காலி டிங்கி காற்றில் பட்டமாகக் கவிழும். துறைக்கு வரும்போது பின்னோக்கி ஓட்டினால் இழுகயிறு புரொப்பெல்லரில் சுற்றும். வேண்டாம்.

இனி காற்றடிக்கிற கதை. நீ பார்த்து வைத்திருக்கிற காற்றுத் தரை கொண்ட மாடல் நல்லது, பலகைத் தரையைவிட எடை குறைவு. அந்தத் தரைக்குள் மேல் துணியையும் கீழ்த் துணியையும் ஆயிரக்கணக்கான நூல்கள் பிணைத்திருக்கும். அதனால்தான் அவ்வளவு அழுத்தம் ஏற்றினாலும் உருண்டையாக உப்பாமல் பலகை மாதிரி தட்டையாக நிற்கிறது. காற்றழுத்தத்தை ‘பார்’ என்ற அளவில் சொல்வார்கள்; பொதுவாகப் பக்கக் குழாய்களுக்கு 0.25 பார், தரைக்கு 0.7 முதல் 0.8 பார் வரை. உன் டிங்கியில் அச்சடித்திருக்கிற எண்தான் இறுதி.

வால்வின் நடுவில் ஒரு சின்னக் குமிழ் இருக்கும். அதை அழுத்தித் திருப்பினால் உள்ளே தங்கி வால்வு திறந்தே இருக்கும், மறுபடி திருப்பினால் மேலே எழும்பி மூடிக்கொள்ளும். காற்றடிக்கும்போது குமிழ் மேலே இருக்க வேண்டும். ஒரு குழாயை முழுக்க இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போகாதே. உள்ளே அறைகளைப் பிரிக்கிற தடுப்புத் துணி ஒரு பக்கம் மட்டும் இழுபட்டு நைந்துபோகும். எல்லாவற்றுக்கும் பாதி பாதி அடித்து வடிவம் வந்ததும், தரையைச் சுருக்கமில்லாமல் விரித்து அதற்கு அடி. பிறகு குழாய்களை முழு அழுத்தத்துக்குக் கொண்டு வா. அழுத்தமானி இல்லாமல் செய்யாதே. விரலால் தட்டிப் பார்த்து 0.2 பாருக்கும் 0.3 பாருக்கும் வித்தியாசம் சொல்ல யாராலும் முடியாது.

உனக்குக் கால் பம்ப் ஆகாது. 12 வோல்ட் மின்பம்ப் வாங்கு, இரண்டு கட்டமாக ஓடுவதாகப் பார்: முதலில் நிறையக் காற்றைத் தள்ளுவது, அப்புறம் அழுத்தம் ஏற்றுவது. அழுத்தம் ஏற ஏற அது இழுக்கிற மின்சாரமும் ஏறும், சிகரெட் லைட்டர் சொருகியில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். பேட்டரியை நேராகக் கவ்வுகிற கிளிப் உள்ளதை எடு. கைப்பம்ப் ஒன்றும் படகில் கிடக்கட்டும்.

வெயிலைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்வதில்லை. காலையில் 15 டிகிரியில் 0.25 பார் அடிக்கிறாய் என்று வை. மத்தியானம் அதே காற்று 40 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் ஏறக்குறைய 0.36 பார் ஆகிவிடும். மேடையில் வெயிலில் நிற்கிற கருஞ்சாம்பல் குழாய்க்கு இது சாதாரணம். தையலும் ஒட்டும் விடுவது இப்படித்தான். வெயில் நாளில் கொஞ்சம் காற்றை இறக்கி வை, தண்ணீரில் விட்டபின் மறுபடி ஏற்றிக்கொள். மாறாக, மதியம் 35 டிகிரியில் இறுக்கமாக அடித்தது 15 டிகிரித் தண்ணீரில் இறங்கியதும் 0.17 பாருக்குத் தொங்கும். அதைப் பார்த்து ஓட்டை என்று பயப்படாதே. சந்தேகமிருந்தால் வால்வில் சோப்புத் தண்ணீர் விட்டுப் பார், குமிழி வராவிட்டால் குளிர் செய்த வேலைதான்.

மடித்து எடுத்துப் போகிற படகு ஒன்றும் புதிய யோசனை அல்ல. 1840களில் பீட்டர் ஹால்கெட் என்ற பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ரப்பர் பூசிய துணியில் ஒரு படகு செய்தார். காற்றில்லாதபோது அதை மேலங்கியாகப் போட்டுக்கொள்ளலாம், பையில் இருக்கிற துருத்தியால் ஊதினால் படகு. கைத்தடி துடுப்பு, குடை பாய். ஆய்வுப் பயணி ஜான் ரே நம் கனடாவின் வடதுருவப் பகுதியில் பயணம் போனபோது ஹால்கெட்டின் படகு ஒன்றைக் கொண்டுபோய்ப் பயன்படுத்தினார். ஹால்கெட்டின் மேலங்கிப் படகில் நான்கு தனித்தனிக் காற்றறைகள் இருந்தன. ஒன்று கிழிந்தாலும் மிதக்க வேண்டும் என்று அந்த மனிதர் அப்போதே யோசித்திருக்கிறார். எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

துணி விஷயத்தில், பணம் இருந்தால் ஹைப்பலான் என்கிற செயற்கை ரப்பர் பூசியது. வெயிலை அது நெடுநாள் தாங்கும். பிவிசி விலை குறைவு, ஆனால் வெயிலிலும் பெட்ரோலிலும் பிசுபிசுத்துப்போகும். உங்கள் கோடை குறுகியது, உறை ஒன்று தைத்துப் போட்டால் பிவிசியே போதும். பஞ்சர் ஒட்டுகிற பசை இரண்டுக்கும் வேறு வேறு, அதை மட்டும் பார்த்து வாங்கு. பளபளப்புக்காக சிலிக்கான் கலந்த எதையும் பூசாதே, பிறகு ஒட்டு பிடிக்காது. எங்களுக்கு இங்கே பெரிய எதிரி, பாறையில் ஒட்டி வளர்கிற கூரான ஓடுடைய கொட்டலசு. கடல் மட்டத்தின் ஏற்றவற்றம் 4 மீட்டருக்கு மேல் போகிற நாளில், ஏற்றத்தில் விட்ட டிங்கி வற்றத்தில் கொட்டலசுப் பாறையில் உட்கார்ந்துவிடும், கத்தியால் கீறியது மாதிரி ஆகும். உங்களுடையது ஏரி, அதனால் உங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை, பாறை விளிம்பில் இழுக்காமல் இருந்தால் போதும்.

சீசன் முடிந்து மடிக்கும்போது நல்ல தண்ணீரில் கழுவி, குழாயும் தரையும் சேருகிற இடுக்கில் இருக்கிற மணலை முழுக்க எடுத்துவிடு. அது உள்ளேயே கிடந்து துணியை அரைக்கும். ஒரு நாள் காயவிடு. ஒன்டாரியோவில் 2022 முதல் படகைத் தரைவழியே கொண்டுபோகுமுன் வடிகால் அடைப்பைக் கழற்றி நீர்த்தாவரங்களை எல்லாம் நீக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது, டிங்கியையும் அப்படியே கவனி. வால்வுகளைத் திறந்து, பம்பைத் திருப்பி மாட்டிக் காற்றை உறிஞ்சு. இதைச் செய்யாமல் சுருட்டினால் எந்தப் பையிலும் நுழையாது. பக்கக் குழாய்களை நடுவுக்கு மடித்து, மோட்டார் மாட்டுகிற பலகைப் பக்கத்திலிருந்து முன்னோக்கிச் சுருட்டு, மிச்சக் காற்று முன் வால்வு வழியாகப் போகும். இறுக்கிக் கட்டாதே. குளிர்காலத்தில் வீட்டுக்குள் வை. குளிரில் பிவிசி விறைக்கும், கொட்டகையில் எலி கடிக்கும்.

மேடையின் அகலத்தையும், விளிம்பிலிருந்து எஞ்சின் வரை எவ்வளவு இடம் இருக்கிறது என்பதையும் அளந்து அனுப்பு. கவ்விகள் எந்த இடத்தில் திருக வேண்டும் என்று வரைந்து அனுப்புகிறேன். ஆகஸ்டில் டொரொன்டோ வருகிறோம். அதற்குள் டிங்கி வாங்கியிருந்தால், உன்னோடு இரண்டு நாள் வந்து தங்கலாம் என்று வசந்தி சொல்கிறாள். மாலதிக்கு எங்கள் அன்பைச் சொல்.

அன்புடன்,
குமரன்