நோட்டில் நீ போட்ட ஏழு மார்க்

அன்புள்ள கண்ணம்மா,

இங்கே எல்லோரும் நலம். சித்திரை வெயில் இப்போதே மண்டையைப் பிளக்கிறது. உன் அம்மா மொட்டை மாடியில் வடாம் பிழிகிறாள், நான் நிழலில் உட்கார்ந்து காக்காய் விரட்டுகிறேன். உனக்கும் ஒரு டப்பா எடுத்து வைத்தாகிவிட்டது. மாப்பிள்ளையின் சிநேகிதர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்து அனுப்புகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை பாப்பா விஷயமாகப் போனில் கோபப்பட்டாய் அல்லவா, அதற்குத்தான் இந்தக் கடிதம். போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஆரம்பித்தால் நீ "சரிப்பா, விடுங்க" என்பாய், நானும் விட்டுவிடுவேன்.

அவள் பள்ளியில் பிள்ளைகள் குழுவாகச் சேர்ந்து கார்னகி விருதுக் குறும்பட்டியலில் இருக்கும் புத்தகங்களைப் படித்துக் கருத்து எழுதுகிறார்கள் என்று நீ சொன்னபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். பிரிட்டனில் சிறார் புத்தகங்களுக்கு 1936-இலிருந்து கொடுத்துவரும் விருது. யாருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்வது நூலகர்கள்தான் என்றாலும், பிள்ளைகளும் அதே புத்தகங்களைப் படித்து, பேசி, தங்களுக்குப் பிடித்ததைத் தனியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். நம் ஊரிலும் சாகித்ய அகாதெமி 2010-இலிருந்து சிறார் இலக்கியத்துக்கு பால சாகித்ய புரஸ்கார் கொடுக்கிறது. நல்ல புத்தகங்களுக்குக் கிடைத்திருக்கிறது. ஆனால் நடுவர்கள் எல்லாம் நம்மைப் போன்ற பெரியவர்கள். சின்னப் பிள்ளைகளின் புத்தகத்தைப் பற்றிச் சின்னப் பிள்ளைகளிடமே கேட்கும் வழக்கம் நம்மிடம் குறைவு.

மற்ற பிள்ளைகள் ஒரு பக்கம் எழுதியிருக்க, பாப்பா மட்டும் "பாதியில் நிறுத்திவிட்டேன், காரணம் சொல்ல விருப்பமில்லை" என்று ஒரு வரியோடு விட்டுவிட்டாள் என்று உனக்கு வருத்தம். "முழுசா படிச்சு நாலு வரி நல்லதா எழுதச் சொல்லுங்கப்பா, நீங்க சொன்னா கேப்பா" என்றாய். சரி என்றேன். அவளோடு அரை மணி நேரம் பேசவும் செய்தேன். ஆனால் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமென்றால் உன் நோட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

போகிக்குப் பரணை ஒழித்தபோது கிடைத்தது. பிரவுன் அட்டை போட்ட 80 பக்கக் கோடு போட்ட நோட்டு. லேபிளில் உன் பெயர், ஐந்தாம் வகுப்பு, 'பாடம்' என்ற இடத்தில் "படித்த கதைகள்" என்று எழுதியிருக்கிறாய். 1994. அந்த வருஷம்தான் நாம் மூன்று பேரும் புத்தகக் காட்சிக்குப் போனோம், ஞாபகம் இருக்கிறதா? அப்போதெல்லாம் அண்ணா சாலையில் காயிதே மில்லத் கல்லூரியில் நடக்கும். கூட்டத்தில் உன் செருப்பு வார் அறுந்துபோய், ஒரு கையில் செருப்பும் இன்னொரு கையில் புத்தகப் பையுமாக அயனாவரம் வரைக்கும் வந்தாய். அந்தப் புத்தகங்களுக்காகத்தான் நோட்டு போட்டிருக்கிறாய்.

பக்கத்துக்கு ஒரு கதை. கதையின் பெயர், பத்துக்கு எத்தனை மார்க், கீழே இரண்டு மூன்று வரி. "ராட்சசன் பாவம். யாரும் அவனைக் கூப்பிட்டுப் பேசவே இல்லை. 6 மார்க்." "முயல் ஏமாற்றினால் எல்லோரும் கை தட்டுகிறார்கள். நான் ஏமாற்றினால் அடி விழுகிறது. 5 மார்க்." "கடைசிப் பக்கத்தை முதலில் படித்துவிட்டேன். அதனால் பயம் இல்லாமல் படித்தேன். 8 மார்க்." பரண் ஏணியில் நின்றபடியே படித்தேன். அம்மா கீழே இருந்து சத்தம் போட்ட பிறகுதான் இறங்கினேன்.

பதினோராவது பக்கத்தில் இப்படி எழுதியிருக்கிறாய்: "இந்தக் கதையில் அப்பா வீட்டுக்குள் வந்தவுடன் எல்லோரும் பேச்சை நிருத்துகிறார்கள். நம் வீடு மாதிரி இருக்கிறது. 7 மார்க்."

அதில் 'நிருத்துகிறார்கள்' என்பதைச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டு, மேலே வல்லின 'று' போட்டிருக்கிறேன். கீழே, "கதையின் நீதி என்ன என்று எழுதவும்." என் கையெழுத்துதான், அதில் சந்தேகமே இல்லை. நீ எழுதிய வாக்கியத்தைப் படித்த அடையாளம் எங்கேயும் இல்லை. ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் முப்பது வருஷத்துக்கு மேல் எனக்கு அதுதான் வேலை. ஒரு பெட்டி வெளியே போகும் முன் உள்ளே ஏறி, எந்த ஸ்க்ரூ விட்டிருக்கிறது, எங்கே பெயின்ட் உரிந்திருக்கிறது என்று பார்த்துக் குறை எழுத வேண்டும். பெட்டிக்கு அது தேவை. பத்து வயதுப் பெண் தன் மனதில் இருப்பதை எழுதிய நோட்டையும் அதே கண்ணோடு பார்த்திருக்கிறேன், கண்ணம்மா.

அடுத்த மூன்று பக்கத்தில் மார்க் கிடையாது. "நீதி: உண்மையே பேச வேண்டும்." "நீதி: பேராசை பெருநஷ்டம்." "நீதி: ஒற்றுமையே பலம்." எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. அதற்கப்புறம் நோட்டு காலி. கடைசிப் பக்கத்தில் அம்மாவின் பால் கணக்கு மட்டும் இருக்கிறது.

மூன்று மாதமாக அந்த நோட்டு என் மேஜையில்தான் இருக்கிறது. உனக்கு எழுத இன்றைக்குத்தான் தைரியம் வந்தது.

நான் வளர்ந்ததும் அப்படித்தான். அம்புலிமாமா வந்தால் எங்கள் தெருவில் ஒரு பிரதியைப் பத்துப் பேர் படிப்போம். அதில் வேதாளம் ஒவ்வொரு மாதமும் கதையைச் சொல்லி முடித்துவிட்டு விக்கிரமாதித்தனிடம் கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை சுக்குநூறாக வெடித்துவிடும் என்று மிரட்டும். வேதாளத்துக்குக்கூடக் கதை கேட்டவன் என்ன நினைக்கிறான் என்று தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. எங்களை யாரும் கேட்டதில்லை. நான் உன்னைக் கேட்கவில்லை.

மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பிள்ளைகளைச் சேர்த்துப் புத்தகம் படிக்க வைக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன் இல்லையா? அதன் கதையையும் கேள். ஆரம்பத்தில் பதினைந்து பேர் வந்தார்கள். நான் வழக்கம்போல ஆசிரியர் பெயர், கதைச் சுருக்கம், நீதி என்று கேட்டேன். மார்கழியில் நான்கு பேர்தான் மிச்சம். அவர்களும் உன் அம்மா கொடுக்கும் சுண்டலுக்காக வந்தவர்கள். பொங்கல் முடிந்ததும் கேள்வியை மாற்றினேன். எந்த இடத்தை மறுபடி படித்தாய்? எந்தப் பக்கத்தில் மூடி வைத்தாய்? இவ்வளவுதான் கேட்கிறேன். யார் என்ன சொன்னாலும் திருத்துவதில்லை. இப்போது சின்டெக்ஸ் தொட்டியைச் சுற்றி உட்கார இடம் போதவில்லை.

மூன்றாம் மாடிப் பையனுக்கு ஒன்பது வயது. படக்கதைப் புத்தகம் ஒன்றை நட்டநடுவில் விரித்து வைத்து, "தாத்தா, கதையில பையன் புளிய மரத்துல ஏறுறான். படத்துல இருக்கறது மாமரம். வரைஞ்சவங்க கதையைப் படிக்கல" என்றான். எல்லோரும் குனிந்து பார்த்தோம். இலையே காட்டிக்கொடுக்கிறது, நீள நீளமான மாவிலை. அந்தப் புத்தகத்தை நான் நான்கு முறையாவது புரட்டியிருப்பேன், கண்ணில் பட்டதே இல்லை. அவனோ, "அதனால பிடிக்கலைன்னு இல்ல, மாமரம் நல்லாத்தான் இருக்கு" என்று சேர்த்துக்கொண்டான்.

இஸ்திரி போடுகிறவரின் மகன் மாநகராட்சிப் பள்ளியில் ஏழாவது படிக்கிறான். பள்ளிக்கல்வித் துறை 2023-இல் வாசிப்பு இயக்கம் என்று ஆரம்பித்து நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலைகளில் ஒல்லி ஒல்லியான புத்தகங்களாகக் கொடுக்கிறார்களே, அவனிடம் அந்தப் பெயர்கள்தான் அளவுகோல். ஒரு புத்தகம் அவனுக்குப் பிடித்துவிட்டால் "இது பற" என்பான். பிடிக்காவிட்டால் "இது இன்னும் நுழையவே இல்ல தாத்தா." இப்போது மாடி முழுக்க இதுதான் பேச்சு. சுண்டலில் உப்பு குறைந்தாலும் "நட"தான்.

ஒரு பெண் இருக்கிறாள், பதினொரு வயது, அதிகம் பேச மாட்டாள். யெஸ். பாலபாரதி எழுதிய 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' புத்தகத்தை எடுத்துப் போயிருந்தாள். 2020-இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கிய புத்தகம். தவறான தொடுதலை ஒரு சிறுமி எப்படி எதிர்கொள்கிறாள் என்பதைப் பற்றியது. பெரியவர்கள் அதைப் பற்றிப் பேசும்போது "விழிப்புணர்வு", "அவசியம்" என்ற சொற்களை விடுவதில்லை. இவள் சொன்னது ஒரே வரி: "இதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன்." மாடி அமைதியாகிவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தில் இருந்த பெண் கையை நீட்டி, "அடுத்து எனக்குக் கொடு" என்றாள். நான் ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு ராத்திரி உன் அம்மாவிடம் சொன்னேன். மறுநாள் அவள் ஏதோ சாக்குச் சொல்லி அந்தப் பெண்ணின் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தாள். கவலைப்படும்படி ஒன்றும் இல்லை. கேட்க ஆள் இருந்தது, அதுவே பெரிய விஷயம்.

பதின்மூன்று, பதினான்கு வயதுப் பிள்ளைகள்தான் என்னைத் திணற அடிக்கிறார்கள். "எங்க வயசுக்காரங்க தமிழ்க் கதைல எங்க இருக்காங்க?" என்று ஒருவன் கேட்டான். பத்து வயது வரைக்கும் பேசும் மிருகங்கள், மாயக் கம்பளம். அதற்கப்புறம் நேராக பொன்னியின் செல்வனுக்குத் தாவ வேண்டியிருக்கிறது. ஐந்து பாகம், 1950-களில் பெரியவர்களுக்காக வாராவாரம் வந்த தொடர்கதை. அவன் அதையும் படித்துவிட்டான், பிடித்தும் இருந்தது. ஆனால் ஸ்கூல் வேனில் பேசுகிற மாதிரி பேசுகிற, அப்பாவிடம் ரிசல்ட்டை மறைக்கிற, முகப்பருவைப் பார்த்து அழுகிற ஒருத்தனைத் தமிழில் காட்டுங்கள் என்கிறான். ஜனவரியில் நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. மைதானத்தில் புத்தகக் காட்சி முழுக்க அவனையும் கூட்டிக்கொண்டு தேடினேன். கால் வலித்ததுதான் மிச்சம் என்று சொல்ல மாட்டேன், மூன்று புத்தகம் கிடைத்தது. அவன் இரண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "இதுல பேசறது பையன் இல்ல தாத்தா, பையன் வேஷம் போட்ட வாத்தியார்" என்றான். எழுதியவர்கள் யாராவது பக்கத்தில் இருந்து கேட்டிருக்க வேண்டும் என்று தோன்றியது. இந்த மாதிரி ஒரு வார்த்தை அவர்கள் காதுக்கு எப்படிப் போய்ச் சேரும்?

சரி, பாப்பா விஷயத்துக்கு வருகிறேன்.

அவளிடமும் அதையேதான் கேட்டேன். "எந்தப் பக்கத்துல மூடி வெச்ச?" ரொம்ப நேரம் பதில் இல்லை. போன் கட்டாகிவிட்டதோ என்று நினைத்தேன். அப்புறம், "அந்தத் தாத்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போற பக்கம்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

போன ஆடியில் எனக்கு இதய ரத்தக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபோது, அவளுக்கு எதுவும் தெரிய வேண்டாம் என்று நாமெல்லாம் சேர்ந்து முடிவு செய்தோம். நீ பாத்ரூமில் கதவைச் சாத்திக்கொண்டு என்னோடு பேசியது அவளுக்குக் கேட்டிருக்கிறது. எல்லாம் தெரிந்திருக்கிறது. எட்டு மாதமாக யாரிடமும் கேட்கவில்லை.

நான் நன்றாக இருக்கிறேன் என்றேன். தினமும் காலையில் ஐ.சி.எஃப். காலனி வரைக்கும் நடந்துவிட்டு வருகிறேன், மாத்திரை ஒழுங்காகப் போடுகிறேன் என்றேன். மாத்திரையின் பெயரைக் கேட்டாள், படித்துக் காட்டினேன். பிறகு, "கதையில் அந்தத் தாத்தா பிழைப்பாரா என்று கடைசிப் பக்கத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் படிக்கலாம், அது தப்பில்லை, உன் அம்மா சின்ன வயதில் அப்படித்தான் படிப்பாள்" என்றேன். "அம்மாவா?" என்று ஒரே ஆச்சரியம். படிக்கிறேன் என்று சொல்லவில்லை. "யோசிக்கிறேன்" என்றாள்.

அதனால் அவளை முடிக்கச் சொல்லித் துரத்தாதே. அவள் எழுதிய ஒரு வரியில் பொய் எதுவும் இல்லை. குழுவில் மற்ற பிள்ளைகள் அதைப் படித்துவிட்டு என்ன சொன்னார்கள் என்று மட்டும் கேட்டுப் பார். அவளைப் போலவே அதே பக்கத்தில் மூடி வைத்த இன்னொரு பிள்ளை அங்கேயும் இருக்கலாம். ஆஸ்பத்திரி விஷயத்தை நீயாகவே எடுத்துப் பேசு, அவள் கேட்கட்டும் என்று காத்திருக்காதே. மாப்பிள்ளையிடமும் சொல்.

நோட்டை வடாம் டப்பாவோடு அனுப்புகிறேன். எண்ணெய் படாமல் இருக்க இரண்டு கவர் போட்டிருக்கிறேன். பாப்பாவுக்குக் காட்டுவதும் காட்டாததும் உன் இஷ்டம். என் சிவப்பு மையை அழிக்கப் பார்த்தேன், காகிதம் கிழிகிற மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.

இன்னொன்று. பதினோராவது பக்கத்தில் கதையின் பெயர் இருந்த மூலையை ராமபாணப் பூச்சி அரித்துவிட்டது. 'வீ' என்று முதல் எழுத்து மட்டும்தான் மிச்சம் இருக்கிறது. அந்தக் கதையை நான் படிக்க வேண்டும். கன்னிமாரா நூலகத்தில் போய்த் தேடலாம் என்றால் பெயர் தெரியவில்லை. பெயர் ஞாபகம் இல்லாவிட்டாலும் அட்டையில் என்ன படம் இருந்தது என்றாவது ஞாயிற்றுக்கிழமை போனில் சொல்.

அன்புடன்,
அப்பா