ரவிக்கு, துப்பாக்கி வாங்கும் முன்

அன்புள்ள ரவி,

ஞாயிறு ராத்திரி போனில் நான் உனக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை. "எது வாங்கலாம்டா, ஒரு பேரைச் சொல்லு" என்று கேட்டாய். பேரைச் சொல்ல ஒரு நிமிஷம் போதும். மறுநாளே அந்தப் பேரோடு நீ கடைக்குப் போய் நிற்பாய் என்று தோன்றியதால் பேச்சை மாற்றிவிட்டேன். இரண்டு நாளாக அது மனசில் உறுத்துகிறது. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

உன் பயத்தை நான் குறைத்துப் பேசமாட்டேன். பக்கத்து வீட்டுக் கதவை உடைத்து நகையை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்றால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? இந்திய வீடுகளில் தங்கம் இருக்கும் என்று தெரிந்தே வருகிறவர்கள் உண்டு. 2011 முதல் 2014 வரை டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் ஆசியக் குடும்பங்களைத் தேடித் தேடிக் கொள்ளையடித்த ஒரு கும்பலின் தலைவி இங்கே ஹூஸ்டன்காரிதான். 37 வருஷம் சிறைத்தண்டனை விதித்தார்கள். அதனால் முதல் வேலையாகச் சுதாவின் நகைகளைப் பேங்க் லாக்கருக்குக் கொண்டுபோ. அடுத்து, முன்கதவுத் தாழ்ப்பாள் போய் உட்காரும் நிலைச்சட்டத் தகட்டைக் கழற்றிப் பார். பெரும்பாலான வீடுகளில் முக்கால் அங்குல ஸ்குரூதான் போட்டிருப்பார்கள், ஓங்கி ஓர் உதை விட்டால் பெயர்ந்துவிடும். அதே ஓட்டைகளில் மூன்று அங்குல ஸ்குரூ போட்டால் உள்ளே இருக்கும் மரத்தூணைப் பிடித்துக்கொள்ளும். ஐந்து டாலர்கூட ஆகாது.

இதெல்லாம் செய்த பிறகும் துப்பாக்கி வேண்டும் என்று உனக்குத் தோன்றலாம். எனக்கும் தோன்றியது. என் வீட்டிலும் ஒன்று இருக்கிறது.

கிரீன் கார்டு வந்ததால் சட்டப்படி உனக்கு வழி திறந்திருக்கிறது. ஹெச்1பி வேலை விசாவில் இருந்தவரை, வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே குற்றம். விசிட்டர் விசாவில் வந்திருக்கும் உன் அப்பாவுக்கும் அதே சட்டம்தான். அவர் கைக்கு அது எட்டவே கூடாது. கடையில் 4473 என்ற படிவத்தை நிரப்புவாய். எஃப்பிஐயின் பின்னணிச் சோதனை பெரும்பாலும் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். டெக்சாஸில் காத்திருப்புக் காலம் என்று ஒன்று கிடையாது. போன அன்றைக்கே கையில் கொடுத்துவிடுவார்கள். என் கவலையே அதுதான்.

"என்சிசியில் சுட்டிருக்கிறோமே" என்றாய். பாயில் குப்புறப் படுத்து, ஹவில்தார் எண்ணிக் கொடுத்த ஐந்து ரவுண்டை .22 ரைஃபிளில் பகல் வெளிச்சத்தில் சுட்டோம். ராத்திரி மூன்று மணிக்குத் தூக்கக் கலக்கத்தில், கைநடுங்க, இருட்டில் நிற்பதற்கும் அதற்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

நான் செய்த தப்பைச் சொல்கிறேன். 2014-ல் கடைக்காரர் பேச்சைக் கேட்டு 12 கேஜ் பம்ப் ஷாட்கன், அதாவது தோளில் வைத்துச் சுடும் நீளத் துப்பாக்கி ஒன்று வாங்கினேன். அதன் பம்ப்பை இழுக்கும் சத்தத்தைக் கேட்டாலே திருடன் ஓடிவிடுவான் என்றார். முழு நீளம் மூன்றேகால் அடி. எங்கள் மாடி நடையில் அதை வைத்துக்கொண்டு திரும்பினால் சுவரில் இடிக்கும். ஒரு கையில் அதைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கதவையும் திறக்க முடியாது, பிள்ளையையும் தூக்க முடியாது. துப்பாக்கி சுடப் பழகும் ரேஞ்சில் கலா இரண்டு முறை சுட்டுவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். தோள் ஒரு வாரம் கன்றிக் கிடந்தது. அதற்குப் பிறகு அவள் அதைத் தொடவே இல்லை. நான் ஊரில் இல்லாத நாட்களில் அந்த வீட்டில் அது இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். ஒரு வருஷத்தில் விற்றுவிட்டேன்.

பிறகுதான் செய்ய வேண்டியதைச் செய்தோம். ரேஞ்சிலேயே வாடகைக்குக் கொடுக்கிறார்கள். இரண்டு சனிக்கிழமைகளில் நான்கு விதம் சுட்டுப் பார்த்து, கலாவின் கைக்கு எது படிந்ததோ அதை எடுத்தோம். நடுத்தர அளவு 9 மிமீ பிஸ்டல். நீ பேர் கேட்டதால் சொல்கிறேன், கிளாக் 19 அல்லது அதே அளவுள்ள ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி. தோட்டா மலிவு, அடிக்கடி பழகலாம். சின்னதாக, பையில் அடங்குகிற மாதிரி இருப்பதைக் காட்டி "புதுசா கத்துக்கிறவங்களுக்கு இதுதான் நல்லது" என்பார்கள். நம்பாதே. எடை குறையக் குறையக் கையில் உதைப்பு கூடும். ரிவால்வர் எளிமையானதுதான், ஆனால் விசையை அழுத்தப் பலம் வேண்டும், ஐந்தாறு தோட்டாதான். சுதாவுக்கு மணிக்கட்டு வலி இன்னும் இருந்தால் ஷீல்டு ஈஇஸட் என்று ஒரு பிஸ்டல் இருக்கிறது, அதில் தோட்டா ஏற்ற மேலே உள்ள ஸ்லைடை இழுக்க அவ்வளவு பலம் வேண்டாம். அவளையும் கூட்டிக்கொண்டு போய் முடிவெடு, அவள் இல்லாமல் வாங்காதே.

வாங்கும் முன் உன் வீட்டுச் சுவரைத் தட்டிப் பார். நம் ஊர்ச் செங்கல் சுவர் இல்லை. மரச்சட்டத்தின் இரு பக்கமும் அரை அங்குல ஜிப்சம் அட்டை, அவ்வளவுதான். பிஸ்டல் தோட்டாவானாலும் ஷாட்கன் குண்டானாலும் ஒன்றுக்கு மேற்பட்ட சுவரைத் துளைத்துக்கொண்டு போகும். உன் படுக்கையறை வாசலில் நின்று பார்த்தால் நேரே உன் பையன் அர்ஜுனின் அறைச் சுவர். எந்த இடத்தில் நிற்கலாம், எந்தத் திசையில் சுடவே கூடாது என்பதைப் பகலில் நடந்து பார்த்து முடிவு செய்துகொள். வீடு முழுக்கத் தேடிக்கொண்டு போகிற வேலையே வேண்டாம். எல்லோரும் ஓர் அறைக்குள் வந்து, கதவைப் பூட்டி, 911-ஐக் கூப்பிட்டு, அங்கேயே இருங்கள்.

இனி அப்பா விஷயம். போன வருஷம் அவர் இங்கே ஒரு வாரம் இருந்தபோது தினம் மூன்றரைக்கு எழுந்துவிடுவார். விளக்குப் போட்டால் நம் தூக்கம் கெடும் என்று இருட்டிலேயே படியைத் தடவி இறங்கி, பின்கதவைத் திறந்துகொண்டு வானத்தைப் பார்த்தபடி நிற்பார். இப்போது உன் வீட்டில் இருக்கிறார். கதவு திறக்கிற சத்தம் கேட்டு நீ எழுந்து "ஹூ இஸ் தட்?" என்று கத்தினால் அவருக்குச் சரியாகக் காதில் விழாது. விழுந்தாலும் உடனே பதில் வராது. 1992-ல் லூயிசியானாவின் பேட்டன் ரூஜில் யோஷிஹிரோ ஹட்டோரி என்ற 16 வயது ஜப்பானிய மாணவன், ஹாலோவீன் விருந்துக்குப் போகும் வழியில் வீடு தவறி வேறொரு வாசலில் நின்றான். வீட்டுக்காரர் "ஃப்ரீஸ்" என்று கத்தினார். அவன் நிற்கவில்லை. சுட்டுவிட்டார், பையன் செத்துப்போனான். இதைப் படித்த நாளிலிருந்து எனக்கு ஒவ்வொரு முறையும் உன் அப்பாவின் உருவம்தான் கண்முன் வருகிறது.

அதனால் பிஸ்டல் வாங்கும் முன்பே நல்ல டார்ச் ஒன்று வாங்கு. துப்பாக்கியில் மாட்டுகிற விளக்கு மட்டும் போதாது. அதை வைத்து ஒருவர் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் துப்பாக்கியையே அவர் மேல் நீட்ட வேண்டியிருக்கும். படிக்கட்டிலும் நடையிலும் ஆள் நடந்தால் தானே எரிகிற விளக்கு போடு. தமிழிலும் குரல் கொடு.

அர்ஜுனைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது, ஆனால் எழுதாமல் இருக்க முடியாது. பதினைந்து வயசு. போன மாதம் பள்ளியில் நடந்ததற்குப் பிறகு அறையை விட்டே வருவதில்லை என்று சுதா கலாவிடம் சொல்லியிருக்கிறாள். 2021-ல் இந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,000 பேருக்கு மேல். அவர்களில் 26,000 பேருக்கு மேல் தங்களைத் தாங்களே சுட்டுக்கொண்டவர்கள். மாத்திரை விழுங்கியவர்களில் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிடுகிறார்கள். துப்பாக்கியை எடுத்தவர்களில் பத்துக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் பிழைப்பதில்லை. அவன் தெளிந்து, பழையபடி உன்னோடு கிரிக்கெட் பார்க்க வந்து உட்காரும் வரை வீட்டுக்குள் துப்பாக்கி கொண்டுவராதே. நண்பனாக இதை உன்னிடம் கெஞ்சிக் கேட்கிறேன். அதுவரை அலாரமும் கேமராவும் போதும். அவனிடம் நீ வாய்விட்டுக் கேள். பேசுவதற்கு ஆள் வேண்டுமென்றால் 988 என்ற எண் இருக்கிறது, எந்நேரமும் எடுப்பார்கள்.

பிறகு ஒருநாள் வாங்கும்போது, தரையிலோ அலமாரியிலோ போல்ட் போட்டு இறுக்கிய இரும்புப் பெட்டி இருக்க வேண்டும். கைரேகைப் பெட்டியை நான் நம்புவதில்லை. 2023-ல் அப்படி 61,000 பெட்டிகளை நாடு முழுக்கத் திரும்பப் பெற்றார்கள். யார் விரலை வைத்தாலும் திறந்தது. அப்படி ஒரு பெட்டியிலிருந்து எடுத்த துப்பாக்கியால் 12 வயசுப் பையன் ஒருவன் இறந்ததாக வழக்கும் வந்தது. பொத்தான் அழுத்தித் திறக்கிற இயந்திரப் பூட்டுதான் என்னிடம் இருக்கிறது, இருட்டில் மூன்று விநாடியில் திறப்பேன். டெக்சாஸில் 17 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளையின் கைக்குத் தோட்டா போட்ட துப்பாக்கி கிடைக்கும்படி அஜாக்கிரதையாக வைத்தால் அதுவே குற்றம். நிறையப் பேருக்கு இது தெரியாது.

அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை நீயும் சுதாவும் எங்கள் ஊர் கேட்டிக்கு (Katy) வாருங்கள். ரேஞ்சில் ஆரம்ப வகுப்பு ஒன்று இருக்கிறது, நாலு மணி நேரம். வாங்குவதற்காக இல்லை, கையில் பிடித்துப் பார்க்க. காதடைப்பும் கண்ணாடியும் என்னிடம் இரண்டு செட் இருக்கின்றன. அர்ஜுனும் அப்பாவும் கலாவோடு வீட்டில் இருக்கட்டும். அவள் மீன் குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள்.

அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். இந்த வாரம் அவர் எத்தனை மணிக்கு எழுகிறார், எந்தக் கதவைத் திறக்கிறார் என்று மட்டும் கவனித்து வை.

அன்புடன்,
செந்தில்