சாம்பிள் டி-ஷர்ட் கிடைத்தது

அன்புள்ள தம்பி சரவணனுக்கு, அக்கா எழுதுவது.

மூர்த்தி அண்ணன் கையில் கொடுத்தனுப்பிய பை வந்து சேர்ந்தது. நெத்திலிக் கருவாடு, ஆயா அரைத்த மிளகாய்த்தூள், நீ தைத்து விற்கப்போகும் டி-ஷர்ட்டின் சாம்பிள், உன் கடிதம் எல்லாம் பத்திரம். இங்கே ஜெர்மனியில் நான்கு மணிக்கே இருட்டிவிடுகிறது. ஹீட்டரைக் குறைத்துவிட்டு ரெண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொள்கிறேன். அதுவே போதுமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொல். மாடிவீட்டுப் பாட்டி கிழிந்த காலுறைக்குள் மரத்தாலான காளான் ஒன்றைச் செருகி, ஓட்டையின் மேல் குறுக்கும் நெடுக்கும் நூல் ஓட்டி நெய்தே அடைத்துவிடுகிறார். நைனா பார்த்தால் கற்றுக்கொள்ளாமல் விடமாட்டார்.

டி-ஷர்ட்டைத் துவைத்ததும் பக்கவாட்டுத் தையல் முன்பக்கம் திரும்பிவிட்டது. தைத்தவர் மேல் குறை இல்லை. சிங்கிள் ஜெர்சி என்கிற இந்த மெல்லிய பின்னல் துணியில் நூலின் முறுக்கு அவிழப் பார்க்கும். காம்பாக்டிங், அதாவது துணியை முன்கூட்டியே சுருக்கி அமுக்குவது, சரியில்லாத துணியை இழுத்துப்பிடித்து வெட்டினால் இப்படித்தான் ஆகும். ரோலைப் பிரித்து ஒரு நாள் தளர விட்டு, பிறகு வெட்டு. அதற்கு முன் 50 செ.மீ. சதுரம் குறித்துத் துவைத்துக் காயவைத்து அள. இரண்டரை செ.மீ.க்கு மேல் சுருங்கினால் துணியைத் திருப்பி அனுப்பிவிடு. ஜிஎஸ்எம், அதாவது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்று பார்க்க 10-க்கு 10 செ.மீ. துண்டு போதும், 1.8 கிராம் இருந்தால் 180.

லேபிளில் 'ஆர்கானிக்' என்று போடலாமா என்று கேட்டிருக்கிறாய். நூல் பில்லில் அந்த வார்த்தை இருப்பது மட்டும் போதாது. ஆர்கானிக் துணிக்கான காட்ஸ் (GOTS) முத்திரைக்கு நூற்பு, நிட்டிங், டையிங், தையல் என்று ஒவ்வொரு கட்டமும் சான்று பெற்றிருக்க வேண்டும். நடுவில் கூலிக்கு வேலை செய்து தரும் ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டுக்குச் சான்று இல்லையென்றால் முத்திரை போட முடியாது. சரக்கு கைமாறும்போது, அது சான்று பெற்ற சரக்குதான் என்று காட்டும் டிரான்சாக்‌ஷன் சர்டிஃபிகேட்டைக் கேட்டு வாங்கு. ஓகோடெக்ஸ் 100 வேறு விஷயம். துணியில் கெடுதலான ரசாயனம் இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும், கூலியைப் பார்க்காது. ஐரோப்பாவுக்கு விற்கும் எண்ணம் இருந்தால், 2026 செப்டம்பர் 27 முதல் ஆதாரமில்லாமல் 'இயற்கைக்கு உகந்தது' என்று போடவே கூடாது. சான்று வரும்வரை துணி எங்கே வாங்கியது, யார் தைத்தது என்று உள்ளதை மட்டும் அச்சடி.

எனக்குக் கூலிதான் முக்கியம். ஒரு சட்டைக்கு 12 நிமிடம் என்றால் 8 மணி நேரத்தில் கணக்குப்படி 40 வரும். நூல் அறுந்து, பாபின் மாற்றி, தண்ணீர் குடித்து எழுந்தால் சுமார் 30தான் வரும். தைத்துக் கொடுக்கும் வசந்தாக்காவுக்கு 30-ஐ வைத்து ரேட் போடு. நாள் முழுக்கத் தைத்தால் குடும்பம் நடத்துகிற காசு கையில் நிற்க வேண்டும்.

மாடிப்படியில் துணி மூட்டை அடுக்கவே அடுக்காதே, ஆபத்து என்றால் ஆட்கள் வெளியே ஓட வழி வேண்டும். ஆபத்தை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்று பார். வங்கதேசத்தில் டாக்கா பக்கம், தையல் ஆலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடத்தில் சுவர் விரிசல் விட்டதை முந்தின நாளே பார்த்தார்கள். மறுநாள், 2013 ஏப்ரல் 24 அன்று, ஆட்களை மிரட்டி உள்ளே அனுப்பினார்கள். கட்டடம் இடிந்து விழுந்து 1,134 பேர் செத்துப்போனார்கள்.

தீபாவளிக்கு முந்தின ராத்திரி வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு நடக்க வேண்டும் போலிருக்கிறது. ஆயா கை ரசம் வேண்டும். சரி, அதை விடு.

பெரிய ஓவர்லாக் மெஷினை விற்க வேண்டாம் என்று நைனாவிடம் சொல். சித்தியின் சீட்டுக்கு இந்த மாதப் பணம் கொஞ்சம் தள்ளிப்போகும். பொங்கலுக்குள் கட்டாயம் வந்துவிடும். தேவி கல்யாணத்துக்கு ஜாக்கெட் அளவை அம்மாவிடம் எழுதி வாங்கி அனுப்பு, கை நீளத்தோடு.

அன்புடன்
அக்கா