எந்தப் பெயரில் கேட்கிறாய்?

லூயிவில், கென்டக்கி
ஞாயிறு காலை

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முதல் பக்கம் முழுக்க முழங்கால் வலியை எழுதிவிட்டு, பேத்தி பிறந்த செய்தியைக் கடைசி வரியில் போட்டிருக்கிறாயே, உன்னைத் திருத்தவே முடியாது. குழந்தைக்கு என் ஆசிகள். எனக்கும் சுகர் வந்துவிட்டது. ஹாஸ்டலில் அடுத்தவன் பங்கு அல்வாவையும் சேர்த்துத் தின்றதற்கு வட்டி என்று வைத்துக்கொள்.

ஒபாமா அதிபராக இருந்தபோது கொண்டுவந்த மருத்துவக் காப்பீட்டுச் சட்டத்தைப் பற்றி, "ஒபாமாகேர் நல்லதா கெட்டதா?" என்று கேட்டிருந்தாய். இந்த ஊரில் அதற்குப் பதில், எந்தப் பெயரில் கேட்கிறாய் என்பதைப் பொறுத்தது. விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

எங்கள் எதிர்வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். சுகரும் பிரஷரும் இருந்ததால் பல வருடம் எந்தக் கம்பெனியும் அவருக்குக் காப்பீடு தரவில்லை. 2014-இல் ஒருநாள் புத்தம் புதிய அட்டையைக் கொண்டுவந்து காட்டினார். 'கைனெக்ட்' மூலம் கிடைத்ததாம். "நல்லவேளை, அந்த ஒபாமாகேரில் போய் மாட்டிக்கொள்ளவில்லை" என்றார். கைனெக்ட் என்பதே அந்தச் சட்டத்தின்படி எங்கள் மாநிலம் நடத்திய காப்பீட்டுச் சந்தைதான். நோய் இருப்பதைக் காட்டி யாருக்கும் காப்பீட்டை மறுக்கக் கூடாது என்றதும் அதே சட்டம்தான். நான் வாயைத் திறக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அட்டையைத் தூக்கி எறிந்துவிடுவாரோ என்று பயம்.

அவர் ஒருவர் மட்டும் அப்படி இல்லை. அந்த வருடம் மே மாதம் மாரிஸ்ட் கல்லூரி எடுத்த கருத்துக்கணிப்பில், கென்டக்கி வாக்காளர்களில் 57 சதவீதம் பேர் ஒபாமாகேர் பிடிக்கவில்லை என்றார்கள். கைனெக்ட் பிடிக்கவில்லை என்றவர்கள் 22 சதவீதம்தான்.

முந்தைய வருடம் சிஎன்பிசி என்ற செய்தி சேனல் இன்னொரு வேலை செய்தது. ஒரு பாதிப் பேரிடம் 'ஒபாமாகேர்' என்றும், மறுபாதியிடம் 'அஃபோர்டபிள் கேர் ஆக்ட்' என்ற சட்டத்தின் சொந்தப் பெயரிலும் கேட்டார்கள். முதல் பெயருக்கு எதிர்ப்பு 46 சதவீதம், இரண்டாவதற்கு 37. ஆனால் ஆதரவையும் பார்: ஒபாமாகேருக்கு 29, மற்றதற்கு 22. ஒபாமாவின் பெயர் எதிர்ப்பை மட்டும் வளர்க்கவில்லை, ஆதரவையும் சேர்த்தே வளர்த்திருக்கிறது. சட்டத்தின் சொந்தப் பெயரைக் கேட்டு, அது என்னவென்றே தெரியாது என்றவர்கள் 30 சதவீதம். ஜனங்களை முட்டாள்கள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நூற்றுக்கணக்கான பக்கச் சட்டத்தை யார் படிப்பார்கள்? ஒரு ஆளின் பெயர் இருந்தால், நாம் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதாவது தெரிந்துவிடுகிறது.

சில சொற்கள் வெறும் கோபத்துக்காகவே செய்யப்பட்டவை. கடைசிக்காலச் சிகிச்சை பற்றி முதியவர்கள் விரும்பினால் டாக்டரோடு பேசலாம், அந்த நேரத்துக்கு அரசு பணம் தரும் என்று மசோதாவில் ஒரு பிரிவு இருந்தது. 2009 ஆகஸ்டில், முந்தைய வருடம் எதிர்க்கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற சாரா பேலின், யாருக்குச் சிகிச்சை என்று அரசு அதிகாரிகள் தீர்மானிப்பார்கள் என்ற அர்த்தத்தில் 'மரணக் குழு' என்று இரண்டு சொல் எழுதினார். அவ்வளவுதான், அந்தப் பிரிவு காணாமல் போயிற்று.

நீதிமன்றத்தில் நடந்தது இதைவிட வேடிக்கை. காப்பீடு வாங்காதவர் கட்ட வேண்டிய தொகையைச் சட்டம் 'அபராதம்' என்றது. அது வரி இல்லை என்று ஒபாமாவும் சொல்லியிருந்தார். 2012-இல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி ராபர்ட்ஸ், காப்பீடு வாங்கு என்று கட்டளையிட அரசுக்கு அதிகாரமில்லை, ஆனால் இதை வரியாகப் படித்தால் செல்லும் என்றார். ஐந்துக்கு நான்கு என்று சட்டம் பிழைத்தது. மனைவியிடம் பொய் சொல்லித் தப்பிக்கிற நமக்கே இப்படி ஒரு வழி தோன்றியிருக்காது. அப்புறம் அந்தத் தொகையையே 2019 முதல் பூஜ்யமாக்கிவிட்டார்கள், அது வேறு கதை.

அங்கே 2009-இல் வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டம் ஆட்சி மாறியதும் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆயிற்றே, உங்கள் தெருவில் இப்போது எப்படிச் சொல்கிறார்கள்? அடுத்த கடிதத்தில் எழுது. முழங்காலுக்கு எண்ணெய் மட்டும் தடவிக்கொண்டிருக்காமல் டாக்டரைப் பார்.

அது சரி, பேத்திக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவே இல்லையே!

உன்,
ராமு