பாக் விரிகுடா நண்டுக் கணக்கு: இரு கரையாருக்கும் நன்றி

நண்டுத் தொழில் செய்வோர், வியாபாரிகள், சங்கப் பொறுப்பாளர்கள், களப்பணியாளர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பாக் விரிகுடாவின் நீலக்கால் நண்டைத் தமிழகக் கரையிலும் இலங்கையின் வட கரையிலும் ஒரே முறையில் அளக்கும் கூட்டாய்வின் முதல் கட்டக் களவேலை நிறைவடைந்தது. இரு கரை எண்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி ஆக்கியது உங்கள் திருத்தங்கள்தான். அவற்றைப் பதிவு செய்யவே இம்மடல்.

முதல் நன்றி, வலையிலிருந்து நண்டு கழற்றும் பெண்களுக்கு. ஓட்டின் அகலத்தை இருபக்க நீள முள்ளின் நுனியிலிருந்து நுனிவரை அளக்கும்படி எங்கள் படிவம் சொன்னது. வலைக்கண்ணியிலிருந்து இழுத்தெடுக்கும்போது அந்த முள்தான் முதலில் ஒடிகிறது. ஒடிந்ததை அளந்தால் நண்டு சிறிதாகப் பதிவாகும்; ஒதுக்கினால் மாதிரி குறையும். நீங்கள் சுட்டிக்காட்டிய பிறகு, முள்ளின் அடிக்கு முன்னால் உள்ள பள்ளத்தில் காலிப்பரை (தாடை போன்ற இரு முனைகளால் அகலம் அளக்கும் கருவி) வைத்து மில்லிமீட்டரில் அளந்தோம். பழைய பதிவுகளோடு ஒப்பிட, முள் ஒடியாத நண்டுகளில் இரண்டு அளவையும் எடுத்து, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி மாற்றுக்கணக்கு போட்டோம்.

தரம் பிரிக்கும் முன்பே அளக்கச் சொன்னவர்களும் நீங்களே. பெரிய நண்டு வியாபாரிக்குப் போன பிறகு மிச்சத்தை அளந்தால் வளம் அழிகிறது என்ற பொய்க்கணக்கு வரும். அதனால் ஒரு படகின் கூடையை அடிவரை அளந்தோம். நேரம் போதாத நாளில் படகைக் குறைத்தோமே தவிர, கூடையைப் பாதியில் விடவில்லை. அளக்கும் நேரத்தில் நண்டு செத்தால் விலை போய்விடும். அது தெரிந்தும் கூடையைத் தந்தீர்கள். பெண் நண்டின் வயிற்று மடலை நகத்தால் நெம்பிப் பார்த்து, முக்கோணமாக ஒட்டியிருந்தால் குஞ்சு, அகன்று வளைந்து திறந்தால் பருவமடைந்தது என்று களப்பணியாளர்களுக்குக் காட்டிக்கொடுத்தீர்கள். சினை மஞ்சளிலிருந்து பழுப்பாகி, பொரிக்கும் தறுவாயில் கருத்துப்போவதையும் வரிசையாக வைத்து விளக்கினீர்கள். படிவத்தின் சினைநிறப் பகுதி அப்படி வந்ததுதான்.

அடுத்து, படகுக்காரர்களுக்கும் சங்கத் தலைவர்களுக்கும். ஒரு கரையில் வலையைத் துண்டாக எண்ணினார்கள், மறு கரையில் கட்டாக. மொத்த நீளம், கடலில் கிடந்த மணிநேரம் என்று இரண்டுக்கும் பொதுவாக மாற்றிய பிறகே பிடிப்பை ஒப்பிட முடிந்தது. இந்திய-இலங்கை 1974 ஒப்பந்தத்தின் எல்லைக்கோடு நடுவில் ஓடும் கடலில் ஜிபிஎஸ் புள்ளி கேட்டது எங்கள் தவறு. நீங்கள் மறுத்தது நியாயம். அதற்குப் பதிலாக ஆழத்தைப் பாகத்திலும் (ஒரு பாகம் சுமார் ஆறடி), அடித்தரையைக் கடல்தாழை (கடற்புல்), சேறு, மணல் என்றும் பதிந்தோம். நண்டின் வாழிடம் அறிய அது போதுமானதாகவே இருந்தது.

கடல் அட்டை விஷயமும் இதே போலத்தான். இந்தியாவில் 2001 முதல் அது பாதுகாக்கப்பட்ட உயிரினம். இலங்கையில் உரிமம் பெற்றுப் பிடிக்கலாம். நண்டுவலையில் தற்செயலாகச் சிக்கிய அட்டையைப் படம் எடுத்தால் ஒரு கரையில் அது வழக்காகலாம். படத்தில் முகமும் படகு எண்ணும் வரக்கூடாது என்று எழுதி வாங்கிய பிறகே கையெழுத்திட்டீர்கள். துணைப்பிடிப்புப் பட்டியல் நிரம்பியதற்கு அந்த நிபந்தனைதான் காரணம்.

மரபணு மாதிரிகளைக் கையாண்டவர்களுக்குத் தனி நன்றி. ஒரே இனமாகக் கருதப்பட்ட இந்த நண்டை 2010இல் வகைப்பாட்டியலாளர்கள் நான்காகப் பிரித்தார்கள். ஆகவே நிறத்தையும் புள்ளியையும் மட்டும் நம்ப முடியாது. கால் சதையில் அரிசியளவு எடுத்து 95 சதவீத எத்தனாலில் போட வேண்டும். சதையின் நீர் எத்தனாலை நீர்க்கச் செய்துவிடும் என்பதால் மறுநாள் அதை மாற்ற வேண்டும். குப்பிக்குள் போடும் சீட்டில் பென்சிலால்தான் எழுத வேண்டும். பேனா மை கரைந்துபோகும். விமானத்தில் அனுப்ப, குப்பிக்கு 30 மி.லி., பொதிக்கு 1 லிட்டர் என்ற வரம்பு உண்டு. பல்லுயிர்ச் சட்ட அனுமதி கைக்கு வரும்வரை ஒரு குப்பிகூட வெளியே போகாமல் காத்த அலுவலகப் பணியாளர்களுக்கும், சுங்கத் தாள்களைச் சரிபார்த்த முகவருக்கும் கடமைப்பட்டிருக்கிறோம்.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தமிழகக் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கே பொருந்தும், நாட்டுப்படகு வலை அப்போதும் கடலில் இருக்கும் என்று நினைவூட்டி, அந்த 61 நாள் பதிவுகளைத் தனியே பிரித்த கணக்காளர்களுக்கும், படிவங்களைச் சிங்களத்தில் ஆக்கிய மொழிபெயர்ப்பாளர்களுக்கும் நன்றி.

அளந்த தாள்களின் நகல் அந்தந்தச் சங்கத்தில் இருக்கும். காலிப்பர்களும் இறங்குதளங்களிலேயே இருக்கட்டும். முடிவுகளைப் பாகத்திலும் அங்குலத்திலும் எழுதி, ஏலக்கூடச் சுவரில் ஒட்டுகிறோம். பிழை கண்டால் அதன்மேலேயே திருத்தி எழுதுங்கள்.

நன்றியுடன்,
கூட்டாய்வு ஒருங்கிணைப்புக் குழு