பீரோவுக்குள் ஆறு மைக்ராஸ்கோப்: மாவட்டக் கல்வி அலுவலருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். போன செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு வந்த குழு எங்கள் பதினொன்றாம் வகுப்பு ரெக்கார்டு நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "படமெல்லாம் அச்சு மாதிரி இருக்கே" என்று பாராட்டிவிட்டுப் போனது. பாடப்புத்தகத்தைப் பார்த்து வரைந்தால் அச்சு மாதிரிதான் இருக்கும். வெங்காயச் செல்லுக்குள் மைட்டோகாண்ட்ரியாவையும் அதன் உள்மடிப்புகளையும்கூட வரைந்திருந்தார்கள். அந்த மடிப்புகள் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்தான் தெரியும். எங்கள் பள்ளியில் அது எப்போது வந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஒரு மாணவியின் நோட்டில் மட்டும் சிவப்பு மை. தடித்த கறுப்பு விளிம்போடு ஒரு வட்டம் வரைந்திருந்தாள், அவ்வளவுதான். "தவறு, மீண்டும் வரைக." ஐயா, அது காற்றுக் குமிழி. ஸ்லைடின் மேல் மூடும் மெல்லிய கண்ணாடியான கவர் ஸ்லிப்பைச் சாய்த்து மெதுவாக இறக்காவிட்டால் உள்ளே மாட்டிக்கொள்ளும். 53 பேரில் கண்ணால் கண்டதை வரைந்தவள் அவள் ஒருத்திதான். அதைச் சொல்லாமல் பக்கத்திலேயே நின்றிருந்தேன் என்பது என் வெட்கம்.

மைக்ராஸ்கோப் விவகாரம் தங்களுக்குப் புதிதல்ல. மூன்று முறை எழுதியிருக்கிறேன். இருப்புப் பதிவேட்டில் "6, நல்ல நிலையில்" என்றிருக்கிறது. மூன்றில் லென்ஸ் முழுக்கப் பூஞ்சை. இரண்டில் கண்ணாடி ரசம் போய்விட்டது. மிச்சமிருக்கும் ஒன்றில் திருகு தேய்ந்து, குழல் தானாகவே இறங்குகிறது. ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டுதான் பார்க்க வேண்டும். பிடி நழுவினால் ஸ்லைடு 'டிக்' என்று விரிசல் விடும். ஒரு பாடவேளை 45 நிமிடம். தோலை உரித்துச் சாயம் போட்டு வைக்கவே பத்து நிமிடம் போய்விடும். மீதியைப் பங்கிட்டால் தலைக்கு 40 விநாடி. ஒரு கண்ணை மூடிப் பழகவே அது போதாது. பாதிப் பேர் பார்த்துவிட்டு வருவது தங்கள் கண்ணிமை முடியைத்தான்.

நல்ல கருவியில் 100 மடங்கு போதும். பல்லாரி வெங்காயத்தின் உள்தோலில் ஒரு சொட்டு சாஃப்ரானின் சாயம் விட்டால், செங்கல் அடுக்கியதுபோல் செல் சுவர்கள் வரிசையாக எழும்பும். ஒவ்வொன்றிலும் சிவந்த புள்ளியாக உட்கரு, பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி இருக்கும். நடுவை நுண்குமிழ், அதாவது செல்லுக்குள் சாறு நிறைந்த பை (வாக்குவோல்), அடைத்துக்கொண்டிருப்பதுதான் காரணம். இதை ஒருமுறை பார்த்த பிள்ளைக்கு நான் பாடம் நடத்தவே வேண்டாம்.

1665இல் ராபர்ட் ஹூக் தக்கையைச் சீவிப் பார்த்துக் கண்டது வெற்று அறைகளைத்தான். செத்த செல்களின் சுவர்கள். கண்டதற்கே 'செல்' என்று பெயரும் வைத்தார். உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயர் வைக்க 1831 ஆயிற்று. ஹூக் எங்கள் பள்ளியில் படித்திருந்தால், "உட்கரு எங்கே? மீண்டும் வரைக" என்று அவருக்கும் சிவப்பு மைதான்.

கேட்பது ஒன்றுதான்: பழுதுபார்ப்பவர் ஒருவரை ஒரே ஒரு நாள் அனுப்புங்கள். புதிது வாங்கக் கேட்கவில்லை. பழையதைக் கழிக்கலாம் என்றால், பதிவேட்டில் "நல்ல நிலையில்" இருப்பதைக் கழிக்க முடியாதாம். சரி செய்யலாம் என்றால், நல்ல நிலையில் இருப்பதற்கு நிதி எதற்கு என்கிறார்கள். இதற்கிடையில், செய்முறை வகுப்பு நடந்ததற்குப் புகைப்படம் அனுப்பச் சொல்லி மட்டும் வாரம் தவறாமல் செய்தி வந்துவிடுகிறது. நாங்களும் பீரோவைத் திறந்து, ஆறையும் துடைத்து மேசையில் அடுக்கி, பிள்ளைகளைக் குனிந்து பார்க்கச் சொல்லிப் படம் எடுக்கிறோம். படத்தில் பூஞ்சை தெரிவதில்லை.

கொஞ்சம் அதிகமாகப் பேசியிருந்தால் பொறுத்தருளுங்கள். ஒரே ஒரு நாள், பழுதுபார்ப்பவரை அனுப்பி வைக்கும்படி மறுபடியும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். அரையாண்டுத் தேர்வுக்கு முன் வந்தால் நல்லது. அவருக்கு மதியச் சாப்பாடு என் பொறுப்பு. வெங்காயம் எப்போதும்போல் என் வீட்டிலிருந்தே வரும்.

இப்படிக்கு,
அரசு மேல்நிலைப் பள்ளித் தாவரவியல் ஆசிரியை ஒருவர்